"கோவையின் நம்பர் ஒன் வானொலி": எண்ணப்பட்டவர்கள் யார்?

பண்பலை வானொலியில் விளம்பரம் கொடுக்க விரும்பும் வணிகர்களுக்கு நேயர் ஆய்வு விவரங்களைப் படித்து விளக்கிச் சொல்வது என் தொழில். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து ஜவுளிக்கடைக்காரர்களும் பம்புசெட்டு உற்பத்தியாளர்களும் கையில் இரண்டு நிலையங்களின் விளக்கத்தாள்களோடு வருவார்கள். இரண்டிலுமே அந்தந்த நிலையந்தான் முதலிடம் என்று அச்சிட்டிருக்கும். "இதுல எதுங்க நெசம்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும் என்பதைத்தான் நான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நிலையத்தை நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் ஆளுக்குக் கால் மணி நேரம் கேட்கிறார்கள் என்றும், மற்றொன்றை நாற்பதாயிரம் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். தலைகளை எண்ணினால் முதல் நிலையம் முன்னே நிற்கும். கேட்ட நேரத்தைக் கூட்டினால் முதலாவதற்கு 25,000 மணி நேரமும் இரண்டாவதற்கு 40,000 மணி நேரமும் வரும். புதிய கடை திறப்பை ஊர் முழுவதற்கும் ஒருமுறை சொல்ல நினைப்பவருக்கு முதல் நிலையம் பொருந்தும். ஒரே செய்தியை அதே காதுகளில் பலமுறை போட நினைப்பவருக்கு இரண்டாவது பொருந்தும். விளக்கத்தாளில் எந்தக் கணக்கு அச்சாகிறது என்பது எது தமக்குச் சாதகம் என்பதைப் பொறுத்தது.

அளப்பது யார் என்பது அடுத்த கேள்வி. 2007-ல், ஊடகங்களின் நேயர்களை அளக்கும் டாம் (TAM) நிறுவனம் தொடங்கிய வானொலி நேயர் அளவீடு மும்பை, தில்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களோடு நின்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட நேயர்கள் எந்த நேரத்தில் எதைக் கேட்டார்கள் என்று நாட்குறிப்பில் எழுதித் தரும் முறை அது. தமிழ்நாட்டின் எந்த ஊரும் அதில் இல்லை. வாசகர்களை அளக்கும் இந்திய வாசகர் ஆய்வு வானொலியைப் பற்றியும் கேட்டதுண்டு. ஆனால் அதன் கடைசிச் சுற்று 2019-ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே இன்று கொங்குப் பகுதியில் கைமாறும் எண்களில் பெரும்பகுதி, நிலையங்கள் தாமே பணம் கொடுத்து எடுத்த ஆய்வுகளிலிருந்து வருபவை. பணம் கொடுத்து எடுத்ததாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் எங்கே, எப்போது, எத்தனை பேரிடம், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்ற நான்கையும் எழுத்தில் தர மறுக்கும் ஆய்வை நான் பயன்படுத்துவதில்லை.

எத்தனை பேர் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 400 பேரை முறைப்படி தேர்ந்தெடுத்துக் கேட்டு, அவர்களில் 15 சதவீதம் பேர் ஒரு நிலையத்தைச் சொன்னால், உண்மை நிலவரம் ஏறத்தாழ பதினொன்றரைக்கும் பதினெட்டரைக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த 400 பேருக்குள் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அறுபது பேர்தான் என்றால், அவர்களிடையே கிடைக்கும் 15 சதவீதம் என்பது 6 முதல் 24 வரை நீளும். இந்த நிலையில் "இல்லத்தரசிகளிடையே இரண்டு சதவீதம் முந்துகிறோம்" என்ற வாக்கியத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. இதை நம்பி ஓராண்டு விளம்பரத் தொகையை ஒப்பந்தம் செய்த கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் என்பதால் இன்றும் மனம் வலிக்கிறது.

எனக்கு மிகுந்த கவலை தருவது திருப்பூர். வீடு வீடாகச் செல்லும் ஆய்வாளர் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால், வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மட்டுமே. பனியன் கம்பெனிகளில் பவர்டேபிளிலும் (தையல்) செக்கிங்கிலும் (தரம் பார்த்தல்) இருப்பவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவுதான் வீடு திரும்புவார்கள். அப்படித் திரும்பிய ஒரு பெண்ணிடம் வானொலி கேட்பதுண்டா என்று ஒருமுறை நானே கேட்டேன். "ரேடியோ கேக்கறதுக்கு ஏதுங்க நேரம்" என்றார். கம்பெனியில் பாட்டு ஓடுமா என்று மாற்றிக் கேட்டதும், "அது காத்தால இருந்து ஓடிட்டேதானுங்க இருக்கும்" என்றார். முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால், நாள் முழுவதும் கேட்கும் ஒருவர் கேட்காதவராகப் பதிவாகியிருப்பார். இதற்கு எதிர்த்திசையிலும் பிழை உண்டு: டவுன் பஸ்ஸில் ஓடுவது ஓட்டுநரின் பென்டிரைவ் பாட்டாக இருந்தாலும் அதை ரேடியோ என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கு நடுவே யாராவது பேசினார்களா, விளம்பரம் வந்ததா என்று கேட்டுத்தான் இரண்டையும் பிரிக்க முடியும். வடமாநிலத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை தமிழில் மட்டும் அச்சிட்ட கேள்வித்தாளால் அவர்களை நெருங்கவே முடியாது. வயதுவாரி விகிதங்களைச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகைக் கணக்கோ 2011-ஆம் ஆண்டுடையது.

இந்தப் பிழைகள் விளம்பரதாரரோடு நிற்பதில்லை. எந்தப் பாட்டு ஒலிக்கிறது என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. 2005-ல் வந்த தனியார் பண்பலைக்கான இரண்டாம் கட்ட உரிமத்தின்படி ஒரு நிறுவனம் ஒரு நகரில் ஒரே அலைவரிசைதான் நடத்த முடிந்தது. தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் அனுமதியில்லை. எனவே கையிலிருந்த அந்த ஒரே அலைவரிசையில், அதிகக் கூட்டம் எங்கே இருப்பதாக எண்கள் காட்டுகின்றனவோ, அந்தப் புதுப்பாடல்களின் பக்கமே எல்லோரும் சாய்ந்தார்கள். காலையில் பக்திப்பாடல், பிறகு புதுப்பாடல், மதியம் எண்பது தொண்ணூறுகளின் பாடல், இரவில் மெல்லிசை என்ற நேரப் பிரிப்பு நிலையத்துக்கு நிலையம் ஒத்திருப்பது இதனால்தான். எண்ணப்படாதவரின் விருப்பம் இந்த அட்டவணைக்குள் நுழைய வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பம்புசெட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தார், 15 முதல் 29 வயதினரிடையே முதலிடம் பெற்ற நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். பம்புசெட்டை வாங்க முடிவு செய்பவர் தோட்டத்தில் இருக்கும் ஐம்பது வயது விவசாயி. மலை மறைக்கும் கிராமங்களில் பண்பலை சரியாக எடுப்பதில்லை. 999 கிலோஹெர்ட்ஸில் வரும் அகில இந்திய வானொலியின் கோவை நிலையத்து மத்திய அலை (மீடியம் வேவ்) அங்கும் எட்டும். அதைக் கேட்பவர்கள் அந்த விளக்கத்தாளின் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் விற்பனையாளர்களிடம் பில் போடும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக் குறிக்கச் சொன்னோம்: வானொலி கேட்பீர்களா, எதை, எந்நேரத்தில். வாங்கியவர்களின் வயதையும் எழுதச் சொன்னோம். மாதக் கடைசியில் வந்த அந்தப் பில் புத்தகங்களை வைத்துத்தான் அவர்கள் விளம்பர நேரத்தைக் காலை ஆறு மணிக்கு முன்பாக மாற்றிக்கொண்டார்கள்.