ஒரு டன் கரியமில வாயு, எத்தனை கணக்குப் புத்தகம்?

கார்பன் திட்டங்களைத் தணிக்கை செய்வது என் தொழில். கோவைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் மில் உரிமையாளர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்பார்கள்: "ஒரு காலத்தில் காற்றாலைக்குக் கார்பன் காசு வந்ததே சார், இப்போது ஏன் சீந்த ஆளில்லை?"

வந்தது உண்மைதான். 1997இல் உருவான கியோட்டோ பருவநிலை ஒப்பந்தம், கரியமில வாயு போன்றவற்றின் உமிழ்வைக் குறைக்கப் பணக்கார நாடுகளுக்கு மட்டுமே இலக்கு வைத்தது. அவர்கள் இந்தியா, சீனா போன்ற நாடுகளில் குறைக்கப்பட்ட டன்களைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் தரப்படும், விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட். தமிழ்நாட்டு நூற்பாலைகளின் சங்கம் ஒன்று உறுப்பினர்களின் காற்றாலைகளைச் சேர்த்து ஒரே திட்டமாக ஐ.நா.வில் பதிந்தது அந்தக் காலத்தில்தான். 2008இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டிய விலை, 2012 முடிவதற்குள் 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஐரோப்பாவின் பொருளாதார மந்தமும் சந்தையில் குவிந்துபோன கிரெடிட்டுகளும் பெரிய காரணங்கள். கூடவே நம்பிக்கையும் போனது.

அதைக் கெடுத்ததில் எச்எஃப்சி-23 என்ற வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலைகளில் கழிவாக வருவது அது. அதில் ஒரு டன், கரியமில வாயுவில் 11,700 டன்னுக்குச் சமம் என்று அன்று கணக்கிட்டார்கள். எரித்து அழிக்க ஆகும் செலவோ சொற்பம். விளைவு, விற்கிற சரக்கைவிடக் கழிவே அதிக லாபம் தந்தது. கிரெடிட்டுக்காகவே சில ஆலைகள் கழிவைக் கூட்டி ஓட்டுகின்றன என்ற சந்தேகம் வலுத்தது. 2013 மே மாதத்திலிருந்து இந்தக் கிரெடிட்டுகள் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. காகிதத்தில் எல்லாமே விதிப்படிதான் நடந்திருந்தது என்பதைத் தணிக்கைக்காரர்கள் மறக்கக் கூடாது.

2015இன் பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு சிக்கல் வேறு மாதிரி ஆனது. இப்போது கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் ஏதோ ஓர் இலக்கு இருக்கிறது. இங்கே குறைத்த டன்னை இந்தியாவும் தன் சாதனையில் சேர்த்து, வாங்கிய நாடும் சேர்த்தால், உண்மையில் குறைந்திருப்பது ஒரு டன், எழுதப்படுவது இரண்டு. ஆகவே விற்ற நாடு அந்த டன்னைத் தன் உமிழ்வுக் கணக்கில் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் விதி செய்தார்கள். மீதமிருந்த இழுபறிகள் 2024இல் பாகு மாநாட்டில்தான் தீர்ந்தன. பாங்காக்கின் மின்சாரப் பேருந்துகள் குறைத்த 1,916 டன்னை சுவிட்சர்லாந்து வாங்கியது, இப்படி இரு பக்கமும் கணக்கைத் திருத்திச் செய்த முதல் கைமாற்றம். அளவு சிறியது. ஆனால் இரண்டு அரசுகள் ஒரே டன்னுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்கின்றன.

விற்கிற நாட்டுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. மலிவாகக் குறைக்கக்கூடியதை எல்லாம் வெளியே விற்றுவிட்டால், சொந்த இலக்குக்குச் செலவு பிடிக்கும் வேலைகள்தான் மிஞ்சும். அதனால்தான் இந்த வகையில் வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று இந்தியா 2023இல் வெளியிட்ட பட்டியலில் கடல் காற்றாலை, பசுமை ஹைட்ரஜன், மின்சேமிப்போடு கூடிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எல்லாம் இருந்தன. தரையில் நிற்கும் சாதாரணக் காற்றாலை இல்லை. நிறுவனங்கள் கட்டாயமின்றித் தாமாகவே கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தைக்குத் தரம் வகுக்கும் சர்வதேசக் குழுவும், கிரெடிட் காசு இல்லாமலேயே கட்டப்பட்டிருக்கும் என்ற காரணத்தால், பழைய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முறைகளுக்கு 2024 ஆகஸ்டில் தர முத்திரை மறுத்தது. மில்காரர்களுக்குக் கசப்பான முடிவு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

கணக்கு இரு பக்கமும் பொருந்திவிட்டால் போதுமா என்றால், போதாது. குறைந்ததாகச் சொல்லும் டன் உண்மையில் குறைந்திருக்க வேண்டும். குறைந்த விறகில் எரியும் அடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்து, மிச்சமான புகைக்குக் கிரெடிட் வாங்கும் மேம்பட்ட அடுப்புத் திட்டங்களைப் பாருங்கள். புது அடுப்பு வந்த வீட்டில் பழைய விறகடுப்பு மூலையில் தூங்குவதில்லை. வெந்நீருக்கும் விருந்துக்கும் அதுதான் எரியும். கணக்கெடுப்புப் படிவத்தில் "புது அடுப்பையே பயன்படுத்துகிறோம்" என்று பதில் இருக்கும். சுவரில் படிந்த புதுக்கரி வேறு சொல்லும். 2024இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாங்கள் பரிசீலித்த அடுப்புத் திட்டங்களில், உண்மையான குறைப்பைப் போல் 9 மடங்கு கிரெடிட் வழங்கப்பட்டிருந்ததாகக் கணித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பொய்யான அடுப்புத் தரவு காட்டியதாக ஒரு நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகிகள் மீது நியூயார்க்கில் குற்றவழக்குப் பதிவானது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: என்னைப் போன்ற தணிக்கையாளருக்குக் கட்டணம் கொடுப்பவர் பெரும்பாலும் அந்தத் திட்டக்காரரேதான். திட்டங்களைப் பதிந்து கிரெடிட் வழங்கும் பதிவேட்டை நடத்தும் அமைப்பே தணிக்கையாளரை நியமித்துப் பணமும் கொடுக்கும் வரை இந்தக் குறை தீராது என்பது என் கருத்து.

மரம் நட்டால், நெல் வயலில் தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சினால் கார்பன் காசு வரும் என்று உங்கள் ஊருக்கும் முகவர்கள் வரலாம். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. திட்டம் எந்தப் பதிவேட்டில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். பெரிய பதிவேடுகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, மரம் பட்டுப்போனால் யார் பொறுப்பு, உங்கள் பங்கு மொத்த வருவாயிலா அல்லது செலவு போன மீதியிலா என்பதைத் தமிழில் எழுதி வாங்குங்கள். கிரெடிட்டின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி, பெரும்பாலும் பின்பக்கங்களில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.