கறிவேப்பிலைச் செடி வாடினால் எத்தனை மதிப்பெண்?

ஓ லெவல் தேர்வுக்கு முன்பு பள்ளியிலேயே நடக்கும் பிரிலிம் தேர்வு முடிந்த வாரம், சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும் ஒரு மாணவன் தன் உயிரியல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். செடிகள் பற்றிய பாடங்கள் மட்டுமே நாற்பது பக்கம். மஞ்சள், பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று நான்கு ஹைலைட்டர். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்குப் போட்ட மாதிரி ஜொலித்தது. அந்தப் பகுதியில் அவன் வாங்கியது பாதிக்கும் கீழே.

"ஆஸ்மோசிஸ்னா என்ன?" என்றேன். சவ்வைத் தாண்டி நீர் நகரும் கதை அது. மூச்சு விடாமல் சொன்னான், ஒரு சொல் பிசகவில்லை.

"சரி தம்பி. காரிடார்ல கறிவேப்பிலைச் செடி இருக்கு. அம்மா ஆசையா ரெண்டு கைப்பிடி உரம் அள்ளிப் போட்டாங்க. தண்ணியும் ஊத்துனாங்க. மறுநாள் செடி வாடிப்போச்சு. ஏன்?"

என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். "டீச்சர், இது சிலபஸ்லயே இல்லையே."

இருக்கிறது. அவன் ஒப்பித்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. உரம் கரைந்ததும் மண்ணில் உள்ள நீரின் வாட்டர் பொட்டென்ஷியல், அதாவது நீர் வேறிடம் நகர்ந்து போகும் போக்கு, வேர்மயிர் செல்லுக்குள் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. வேருக்குள் வரவேண்டிய நீர் வேரைவிட்டு வெளியே போகிறது. செல்கள் விறைப்பை இழக்க, இலை தொங்குகிறது. மூன்று மதிப்பெண் கேள்வி இது. தொட்டியின் பெயரும் உரத்தின் பெயரும் மாறி மாறி வரும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஆண்டுகளாக டியூஷன் எடுக்கிறேன். வேளாண் அறிவியல் என்று தனிப் பாடமாக எடுத்துத் தேர்வு எழுதும் பிள்ளைகளை நான் இங்கே பார்த்ததில்லை. உயிரியலுக்குள் வரும் ஒளிச்சேர்க்கை, நீர்க் கடத்தல், சுற்றுச்சூழல் ஆகியவைதான் நம் பிள்ளைகளுக்கு விவசாயம். இந்தத் தீவில் விவசாயத்துக்கென்று இருப்பது மொத்த நிலத்தில் ஏறத்தாழ 1 சதவீதம். வயல் வரப்பைக் காணாத பிள்ளைக்கு வேர், மண், உரம் எல்லாம் வெறும் படம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வயல் இல்லாவிட்டாலும் தொட்டி இருக்கிறது. 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் பல புளோக்குகளின் கீழேயே கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. லிஃப்டில் இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

நானும் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் தேர்வுக்கு முன்பு இருபது பக்கச் சுருக்கக் குறிப்பு தட்டச்சு செய்து கொடுப்பேன். பெற்றோருக்கு ஏக மகிழ்ச்சி. பிள்ளைகள் அதை நான்கு முறை படித்துவிட்டு, 'எல்லாம் தெரியும்' என்ற நினைப்போடு போவார்கள். கண்ணுக்குப் பழகிப்போனதை மூளைக்குத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் மறுபடி மறுபடி படிப்பதில் உள்ள ஆபத்து. இப்போது குறிப்பு கொடுப்பதில்லை. வெற்றுத் தாள் கொடுக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு, மண்ணில் இருக்கும் ஒரு சொட்டு நீர் இலைக்குப் போய்க் காற்றில் கலப்பது வரை எழுது என்கிறேன். முதல் தடவை ஐந்து வரிக்கு மேல் யாருக்கும் வருவதில்லை. விட்ட இடத்தைச் சிவப்பில் எழுதி, மூன்று நாள் கழித்து மறுபடி வெற்றுத் தாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. எழுதும்போது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் வரும் இடத்தில்தான் படிப்பு நடக்கிறது.

அந்தச் சொட்டு நீரில் மதிப்பெண் போகும் இடத்தைக் கவனியுங்கள். 'இலைத்துளை வழியாக நீர் ஆவியாகிறது' என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். நீர் ஆவியாவது இலைக்கு உள்ளே, அதன் நடுப்பகுதியிலுள்ள மீசோஃபில் செல்களின் ஈரமான சுவர்களில். ஆவி செல்களுக்கு இடையிலுள்ள காற்றிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து துளை வழியாகப் பரவி வெளியேறுகிறது. இரண்டு படிகளை ஒன்றாக்கினால் ஒரு மதிப்பெண் காலி. நம் ஊரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கும் மேல். மழை பெய்து ஓய்ந்த காலையில் துவைத்த துணி ஏன் காயவில்லையோ, செடியும் அதே காரணத்தால்தான் நீரை மெதுவாக இழக்கிறது. துணியை எடுத்துக்காட்டிய பிறகு ஈரப்பதக் கேள்வியை யாரும் தவறவிட்டதில்லை.

இன்னொன்று, ஏரியில் உரம் கலக்கும் கேள்வி. பாசி பெருகும், வெளிச்சம் மறைந்து அடியில் உள்ள செடிகள் சாகும், மீன் சாகும் என்று தாவிவிடுகிறார்கள். நடுவில் பாக்டீரியா எங்கே? செத்த செடிகளை மட்கச் செய்யும்போது பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்ப்பது அதுதான். மீனைக் கொன்றவனை விட்டுவிட்டுக் கதை எழுதினால் எப்படி மதிப்பெண் வரும்?

'செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்' என்பது தொடக்கப்பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் பிழை. செடி இருபத்துநான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது.

செய்முறைத் தாளுக்கு ஓ லெவல் உயிரியலில் 20 சதவீதம் உண்டு. ஸ்டார்ச் சோதனையில் இலையை முதலில் கொதிநீரில், அப்புறம் எத்தனாலில், அப்புறம் வெந்நீரில், கடைசியாக அயோடினில் என்று வரிசையை எல்லோரும் சொல்வார்கள். எத்தனாலுக்கு முன்பு ஏன் பன்சன் பர்னரை அணைக்க வேண்டும் என்றால் அமைதி. எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும், அதனால்தான். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம், பள்ளி ஆய்வகத்தோடு இருக்கட்டும். வீட்டில் செய்வதற்கு வேறு இருக்கிறது: செலரித் தண்டைச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரில் ஓர் இரவு வைத்து, காலையில் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது, நீரை மேலே ஏற்றும் குழாயான சைலம்.

பெற்றோர் பலர் என்னிடம், "எங்களுக்கு இந்த இங்கிலீஷ் பாடமெல்லாம் சொல்லித்தர வராது டீச்சர்" என்கிறார்கள். நீங்கள் சொல்லித்தரவே வேண்டாம். பிள்ளையைத் தொட்டி பக்கத்தில் நிறுத்தி, தமிழில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள். தமிழில் விளக்க முடிந்தவனுக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்துவது ஒரு மாலை வேலை. 2027 முதல் ஓ லெவல் என்ற பெயரே போய் எஸ்இசி என்ற உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. பெயர்தான் வேறு, இலை அதே இலை. பழைய தேர்வுத் தாள்களின் தொகுப்பான டென் இயர் சீரிஸ் வாங்குவதும் நல்லதே, பின்பக்க விடைகளைக் கிழித்து அம்மாவின் பையில் வைத்துக்கொள்வதாக இருந்தால்.

அந்த ஹைலைட்டர் பையன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கறிவேப்பிலைக் கதையைச் சொல்லியிருக்கிறான். பாட்டி உடனே, "உரச்சூடுடா. தண்ணிய நெறைய ஊத்திக் கழுவி விட்டா சரியாப் போயிடும்" என்றாராம். வைத்தியம் நூற்றுக்கு நூறு சரி. 'சூடு' என்று எழுதினால் தேர்வில் பூஜ்யம். அந்தச் சூடு என்னவென்று விளக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்றாம். எல்லாம் கேட்டுவிட்டுப் பாட்டி, "அப்ப உப்புத் தண்ணி ஊத்துனாலும் இதேதானா? ஊறுகாய் மாங்கா சுருங்குறதும் இதேதானா?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே, "டீச்சர், ரெண்டுக்கும் ஆமான்னு சொல்லிட்டேன், சரிதானே?" என்றான்.