ஆன்ட்வான் வாக்கரைக் கவிழ்த்த கையெழுத்து

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆன்ட்வான் வாக்கர் பெயரைச் சொன்னாலே ரசிகர்கள் சூதாட்டம், கார், கைக்கடிகாரம் என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பொய்யில்லை. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பி, 2009இல் கைதானவர்தான் அவர். ஆனால் கணக்கு பார்த்தே பிழைப்பவனுக்குக் கண் வேறிடத்தில் போகும். நான் பார்ப்பது கடன் பத்திரத்தில் அவர் போட்ட ஜாமீன் கையெழுத்தை.

சிகாகோக்காரர். 1996இல் கென்டக்கி பல்கலைக்கழக அணியோடு கல்லூரிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று முறை தேர்வானார். 2006இல் மயாமி ஹீட் அணியோடு என்.பி.ஏ. கோப்பை. மொத்தச் சம்பளம் 10 கோடி டாலருக்கு மேல்.

தொகையைக் கேட்டு வாய் பிளக்கிறோமே, அவ்வளவும் கைக்கு வந்ததில்லை. அமெரிக்க மத்திய வருமான வரியின் உச்ச வீதம் அந்த ஆண்டுகளில் 35 முதல் 39.6 சதவீதம். வெளி மாநிலத்தில் போய் ஆடினால் பல இடங்களில் அந்த மாநிலமும் தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ளும். முகவர் கமிஷன் தனி. பாதி தேறியிருந்தாலே பெரிது. அதுவும் 12 சீசன்தான், என்.பி.ஏ. கதவு சாத்தியபோது அவருக்கு வயது 32.

மிச்சத்தில் ஒரு பகுதியை சிகாகோவில் வீடு, மனைகளில் போட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிறவர்களில் பலரும் செய்வது அதுதான். வினை எங்கே என்றால், தொழிலுக்கு வாங்கிய கடன்களுக்கு அவரே சொந்த ஜாமீன் கொடுத்திருந்தார். 2008இல் வீட்டுச் சந்தை விழுந்ததும், தொழிலோடு போயிருக்கக்கூடிய நஷ்டம் அவர் தலையில் விடிந்தது. 2010 மே மாதம் திவால் மனு: சொத்து 43 லட்சம் டாலர், கடன் 1.27 கோடி டாலர். கோப்பை வென்ற மோதிரம்கூட விலைபோனது. பிற்பாடு கடனிலிருந்து மீண்டு, இளம் வீரர்களுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தரப் போனார்.

நம் ஊரிலும் சட்டம் இளகியதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. கடன்காரரைத் துரத்தி முடித்துவிட்டுத்தான் வங்கி உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. 'சும்மா ஃபார்மாலிட்டி சார்' என்று தாளை நீட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை.

மச்சான் கம்பெனியில் டைரக்டராக இருந்து விலகியவர்கள், 'நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே' என்று வங்கி நோட்டீஸோடு வந்து நிற்பார்கள். ராஜினாமா டைரக்டர் பதவிக்கு. ஜாமீன் அப்படியே உயிரோடு இருக்கும். ஒரு கடனோடு முடியாமல் அடுத்தடுத்த கடன்களுக்கும் நீளும் தொடர் ஜாமீனாக இருந்தால், இனிமேல் தரும் கடனுக்குப் பொறுப்பில்லை என்று பிரிவு 130இன்படி வங்கிக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய பாக்கிக்கு அது உதவாது. அதற்கு வங்கி எழுத்தில் தரும் விடுவிப்புக் கடிதம்தான் வேண்டும். விலகும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.