கல்லின் எடையா, நூலின் நீளமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். வீட்டுக் கதவு நிலையில் ஆணி அடித்து, 25 சென்டிமீட்டர் நூலில், துணியில் பொதிந்த கோலிக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டினாராம். 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) 20.5 நொடி ஆனது. கோலியை அவிழ்த்துவிட்டு அதே நூலில் உள்ளங்கை அளவு கருங்கல் ஒன்றைக் கட்டினார். இப்போது 21.6 நொடி. மூன்று முறை செய்து பார்த்தும் அப்படியேதான் வந்தது. "எடை கூடினால் அலைவு நேரம் மாறாது என்று பாடத்தில் இருக்கிறதே, நான் எங்கே தப்பு செய்தேன்?" என்று கேட்கிறார்.

முதலில் அவருக்கு ஒரு பாராட்டு. பாடத்தில் உள்ள விடைக்கு ஏற்றபடி எண்ணைத் திருத்தி எழுதாமல், வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறார். நம் செய்முறை நோட்டுகளில் இது அரிதாகிவிட்டது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வந்தால்தான் மதிப்பெண் என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். கேள்வி பிறந்திருக்க வேண்டிய இடத்தில் ரப்பரால் அழித்த தடம்தான் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, சோதனைக்கு வருவோம். சோதனையில் மாறக்கூடிய எல்லாவற்றையும் மாறிகள் என்கிறோம். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி, இங்கே எடை. அதனால் என்ன ஆகிறது என்று அளப்பது சார்ந்த மாறி. இங்கே அலைவு நேரம். மற்றவை எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிக்கல் அந்த 'மற்றவை எல்லாம்' என்ற இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. நாம் கை வைக்காத ஒன்று, நமக்குத் தெரியாமலே கூடவே மாறிவிடும்.

மாணவியின் ஊசலில் மாறியது நீளம். நூல் அதே நூல்தான், முடிச்சு வரை 25 சென்டிமீட்டர்தான். ஆனால் ஊசலின் நீளம் முடிச்சோடு முடிவதில்லை. தொங்கும் பொருளின் ஈர்ப்பு மையம் வரை, அதாவது அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி வரை போகிறது. கோலியின் மையம் முடிச்சுக்கு 1 சென்டிமீட்டர் கீழே என்றால் நீளம் 26. கருங்கல்லின் மையம் 4 சென்டிமீட்டர் கீழே என்றால் 29. இந்த இரண்டு நீளத்தையும் மீட்டருக்கு மாற்றி, தனி ஊசல் வாய்பாட்டில் (ஓர் அலைவு நேரம் = 2π√(நீளம் ÷ 9.8)) போட்டுப் பாருங்கள். 20 அலைவுக்கு 20.5 நொடியும் 21.6 நொடியும் வருகின்றன. அவர் அளந்தது துல்லியம். எடையை மாற்றியதாக நினைத்துக்கொண்டு நீளத்தையும் சேர்த்து மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இதில் அவர் தனியாள் இல்லை. 1950-களில் ஜெனீவாவில் உளவியலாளர்கள் ழான் பியாஜேயும் பார்பெல் இனெல்டரும் குழந்தைகளிடம் இதே ஊசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். நீளம் மாறும் நூல், வெவ்வேறு எடைகள். எது ஊசலின் வேகத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் நூலையும் எடையையும் ஒன்றாக மாற்றிவிட்டு, 'எடைதான் காரணம்' என்றார்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதைப் பிடித்து வைக்கும் பழக்கம் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் கைவந்தது.

அப்படியானால் எடையை மட்டும் எப்படி மாற்றுவது? இதற்கு நியூட்டன் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் அது ஒன்று. எடை ஒன்றாக இருந்து, பொருள் மட்டும் வேறாக இருந்தால் ஊசல் வேறுபடுமா என்று அவர் அறிய விரும்பினார். தங்கத்தையும் மரத்தையும் அப்படியே நூலில் கட்டினால் என்ன ஆகும்? ஒரே எடைக்குத் தங்கம் கடுகு போல, மரம் பூசணி போல இருக்கும். காற்றின் தடை மாறும், மையமும் மாறும். அதனால் ஒரே அளவில் இரண்டு வட்ட மரப்பெட்டிகளைச் செய்தார். இரண்டையும் 11 அடி நூலில் தொங்கவிட்டார். ஒன்றை மரத்தால் நிரப்பினார். இன்னொன்றில் அதே எடைத் தங்கத்தை, ஊசலின் கணக்கில் அது எங்கே இருக்க வேண்டுமோ அந்தப் புள்ளியில் வைத்தார். வெளியே இருக்கும் காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது மட்டும் வேறு. அப்புறம் வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, தண்ணீர், கோதுமை என்று வரிசையாகப் பார்த்தார். பெட்டிகள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தன. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும் என்று 1687-இல் அச்சான 'பிரின்சிபியா' என்ற தம் புத்தகத்தில் எழுதினார். எவ்வளவு எளிய பெட்டி, எவ்வளவு பெரிய யோசனை!

நம் வீட்டில் பெட்டிக்குப் பதில் மூடியுள்ள சிறு மாத்திரை டப்பா போதும். ஒரு முறை விளிம்பு வரை அரிசி, ஒரு முறை விளிம்பு வரை மணல். மணல் ஏறக்குறைய இருமடங்கு எடை இருக்கும், மையம் நகராது. பாதி டப்பா மட்டும் நிரப்பினால் மையம் கீழே இறங்கி, கருங்கல் கதையே திரும்பும். மணல் டப்பாவைப் பூமி இருமடங்கு இழுக்கும், ஆனால் அதை அசைப்பதும் இருமடங்கு கடினம். ஆகவே நேரம் மாறாது.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. இழுத்து விடும் கோணத்தை 10 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரிக்கு இழுத்தால் நேரம் 7 சதவீதம் கூடிவிடும். கையை விடும்போது 'சுழியம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 20 என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரிடமும், 'ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?' என்றுதான் கேட்க வேண்டும். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் தோண்டினோம், தண்ணீர் வந்தது என்பார்கள். அது படுத்தே கிடந்த இடத்தில் யாராவது அதே ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தார்களா? ஒப்பிட இரண்டாவது கிணறு இல்லாதவரை தேங்காய்க்கு அதில் பங்கு உண்டு என்று சொல்ல வழியில்லை. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பங்கள் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

கடைசியாக அந்த மாணவிக்கு ஒரு வேலை. உயரமான எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் கட்டி, கெட்டியான கயிற்றில் தொங்கவிடுங்கள். நிறையத் தண்ணீர், முக்கால், அரை, கால், காலி என்று ஐந்து நிலையிலும் 20 அலைவுகளை அளந்து எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே போகும். ஆனால் நேரம் முதலில் கூடும், பிறகு திரும்பி, பாட்டில் காலியாகும்போது ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். மையம் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுவதுதான் காரணம். நேரம் மிகவும் கூடுதலாக வரும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாட்டிலின் மேல் ஒரு கோடு போட்டு வையுங்கள். மொத்த எடையின் மையமும் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் இருக்கும். ஏன் அங்கே என்பதை யோசித்து எனக்கு எழுதுங்கள்.