ஆறு கிரகம் சேர்ந்த காலை

2019 டிசம்பர் 26, காலை ஒன்பது மணி இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில், தொலைநோக்கிக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துவது என் தொழில். கிரகணம் வந்தால் பள்ளி பள்ளியாகப் போவது அதோடு ஒட்டிக்கொண்ட வேலை. அட்டையில் விழுந்த சூரியன் கடித்து வைத்த தோசை மாதிரி இருந்தது, பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஒரு அம்மா மட்டும் பேரனைக் கையில் பிடித்தபடி வராந்தாவை விட்டு இறங்கவில்லை.

"வாங்கம்மா, அட்டையிலதான் பாக்கறோம், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"கண்ணுக்கு இல்ல தம்பி. ஆறு கிரகம் ஒண்ணா சேருதாமே. அன்னைக்கும் இதே தேதிதான்."

நாகப்பட்டினத்துக்காரர். 2004 சுனாமியைச் சொல்கிறார்; கிரகங்கள் சேர்ந்தால் அது மறுபடி வரும் என்ற பயம். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு அட்டைக்குத் திரும்பிவிட்டேன். அது பதிலே இல்லை. சரியான பதிலை இப்போது எழுதுகிறேன்.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய பட்டியல் இது: தனுசில் சூரியன், சந்திரன், புதன், குரு, சனி, கேது. இதில் கேது ஒரு பொருளே அல்ல; சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. புள்ளிக்கு எடை கிடையாது. எடை இல்லாதது எதையும் இழுக்காது. மற்றவை 'சேர்ந்தன' என்பதும் நம் கண்ணுக்குத்தான். தெருமுனை விளக்கும் தொலைவில் கோபுர விளக்கும் ஒரே கோட்டில் தெரிவதில்லையா, அந்த மாதிரி. அன்றைக்கு குரு சூரியனுக்கு அந்தப் பக்கம், நம்மிடமிருந்து சுமார் 93 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சனி அதற்கும் அப்பால், 160 கோடிக்கு மேல். அதாவது எல்லாரும் பயந்த அந்த நாளில் இரண்டும் ஏறக்குறைய தங்கள் உச்சபட்சத் தொலைவில் இருந்தன!

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கடலையும் பாறையையும் இழுத்துத் தளர்த்தும் ஓதவிசை, தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்றாகக் குறையும். பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒன்று. கணக்குப் போட்டால், வெள்ளி நமக்கு மிக அருகே வரும்போதுகூட அதன் ஓதவிசை நிலாவினுடையதில் சுமார் 19,000-இல் ஒரு பங்கு. குரு அருகே வரும்போது 1,70,000-இல் ஒரு பங்கு. நடுக்கடலில் நிலா மட்டும் நீரை அரை மீட்டர் அளவுக்கு ஏற்றி இறக்கும் என்றால், எல்லாக் கோள்களும் கைகோத்து இழுத்தாலும் ஒரு தாளின் தடிமன் தேறாது.

இந்த இடத்தில் விவரமான ஆள் ஒருவர் மடக்குவார்: "2004-இல் பௌர்ணமிதானே?" ஆமாம், பௌர்ணமிதான். நிலாவுக்குச் சின்னப் பங்கு இருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஓதவிசை வலுத்திருக்கும் நாட்களில் பெரிய நிலநடுக்கங்களுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தச் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் பிறந்த சுமத்ராவுக்கு அருகே, பூமி ஓட்டின் பெரிய துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்து நுழைந்து, நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்தது அந்த இறுக்கம்தான். நிலா ஏற்றும் அழுத்தம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல. முறியப்போகிற கிளையில் காக்கை உட்காருவது மாதிரி. அந்த நிலாவுக்கே இவ்வளவுதான் என்றால் குருவுக்கு என்ன இருக்கிறது?

கோள்களுக்கு பூமிமேல் ஒரு செல்வாக்கும் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். வெள்ளியும் குருவும் இழுத்து இழுத்து பூமியின் பாதையை 4,05,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சற்றே நீட்டிச் சுருக்குகின்றன. அதன் தடம் அமெரிக்காவின் அரிசோனா பாறைகளில் 21 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பதிந்திருக்கிறது. பனியுகங்கள் வந்து போவதிலும் இத்தகைய அசைவுகளுக்குப் பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, ஆனால் வியாழக்கிழமை காலைக்கு அதில் பலன் பார்க்க முடியாது.

பிறகு எப்படிச் சிலருடைய கணிப்பு 'பலிக்கிறது'? உலகில் 6 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கம் இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று நடக்கிறது. எந்தத் தேதியைச் சொன்னாலும் பக்கத்தில் ஒன்று மாட்டும். 2023-இல் துருக்கி நிலநடுக்கத்துக்கு மூன்று நாள் முன்பு நெதர்லாந்துக்காரர் ஒருவர் சொன்னது பெரிதாகப் பரவியது. அவரும் "இன்றில்லாவிட்டால் என்றாவது வரும்" என்கிற மாதிரிதான் எழுதியிருந்தார். தேதி குறித்துச் சொன்னவர்களின் கதை வேறு. 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டு கிரகம் என்று நாடே யாகம் செய்தது, ஒன்றும் ஆகவில்லை. கோள்கள் ஒரு பக்கமாகத் திரள்வதால் 1982-இல் கலிபோர்னியா குலுங்கும் என்று இரண்டு விஞ்ஞானிகள் புத்தகமே போட்டார்கள், அதுவும் நடக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பதரை மணிவாக்கில் வளையம் முழுமையானது. வேப்பமர நிழலில், இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சம் தரையெல்லாம் வளையல் வளையலாகக் கிடந்தது. பேரன் கையை உருவிக்கொண்டு ஓட, அந்த அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இது இத்தனை மணிக்கு வரும்னு முன்னாடியே தெரியுது. அன்னைக்கு மட்டும் ஏன் தம்பி யாரும் சொல்லல?"

2004-இல் நிலம் நடுங்கியது காலை 6.28-க்கு. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் எச்சரிக்கச் சுனாமி எச்சரிக்கை மையம் ஒன்று நம்மிடம் இல்லை. ஹைதராபாத்தில் அது 2007-இல்தான் வந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அப்ப கடலைத்தான பாக்கணும்" என்றார், பேரனைத் தேடிக்கொண்டே.