திசு எங்கிருந்து எடுத்தது என்பதும் நோயின் பாதி விடைதான்

மாதவிலக்கு நின்று 12 வருடம் ஆன ஓர் அம்மாவின் பயாப்ஸி எங்கள் லேபுக்கு வந்தது. மூன்று மாதமாக விட்டுவிட்டு ரத்தம் பட்டிருக்கிறது. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, உள்ளே நீர் கோத்திருந்தது. கர்ப்பப்பையின் வாய்ப்பகுதி பார்வைக்குச் சுத்தம். அதனால் கர்ப்பப்பைக்குள் வரும் புற்றுநோயைச் சந்தேகித்து, சுரண்டிய திசுவை ஒரே குப்பியில் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

ஸ்லைடில் வேறொன்று தெரிந்தது. உட்சவ்வு சுரப்பிகளால் ஆனது; அங்கே தோன்றும் புற்றும் பெரும்பாலும் சுரப்பி வகைதான். இங்கேயோ சுரப்பிகளுக்கு மேலே ஒற்றை வரிசையாக இருக்க வேண்டிய செல்களைக் காணோம். அந்த இடத்தில் கருத்த, பெருத்த உட்கருக்களோடு தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக, பாறையில் பாசி போலப் படர்ந்திருந்தன. தட்டைச் செல்கள் கர்ப்பப்பை வாயின் வெளிப்பக்கத்தை மூடியிருப்பவை. அப்படியானால் கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்று மேலே ஏறியிருக்கலாம். அரிதுதான், ஆனால் நடக்கும்.

மகப்பேறு மருத்துவருக்குப் போன் செய்தேன். "மேடம், கர்ப்பப்பை வாய்க்குள் போகும் குழாயிலிருந்து தனியாக ஒரு துண்டு வேண்டும். குப்பியில் இடத்தை எழுதி அனுப்புங்கள்."

இந்த வாய்க் குழாயை முதலில் சுரண்டி ஒரு குப்பி, அப்புறம் உட்சவ்வைச் சுரண்டி இன்னொரு குப்பி. இதுதான் முறை. இரண்டும் கலந்துவிட்டால், புற்று உள்ளே இருந்ததா, கருவி வெளியே வரும் வழியில் ஒட்டிக்கொண்டதா என்று சொல்லவே முடியாது.

பிறகு வந்த வாய்க் குழாய்த் துண்டிலும் அதே செல்கள் இருந்தன. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பெருகும் பி16 என்ற புரதத்தைச் சாயமிட்டுத் தேடும் சோதனையில் அத்தனை செல்லும் பழுப்பேறின. கர்ப்பப்பைக்குள் தோன்றும் சில வகைப் புற்றுகளிலும் பி16 அப்படிக் காட்டும் என்பதால் வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸையும் தேடினோம், இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் குழாய்க்குள் மறைந்திருந்த கட்டி, பக்கத் திசுவைத் தொட்டிருந்தது. கோத்திருந்த நீர், வழி அடைபட்டதால் தேங்கிய சீழ்.

வாய் ஏன் சுத்தமாகத் தெரிந்தது? தட்டைச் செல்களும் சுரப்பிச் செல்களும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் இந்தப் புற்று தொடங்கும். அந்தக் கோடு, வயதாக ஆக வெளியிலிருந்து குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்து மட்டும் அதைப் பிடிக்க முடியாது. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதனை வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உட்சவ்வுக்கு ஏறியதால் மட்டும் நோயின் நிலை கூடிவிடாது. நிலையைத் தீர்மானிப்பது பக்கத் திசு, யோனி, நிணநீர் முடிச்சு போன்றவை. ஆனால் சிகிச்சை அடியோடு மாறுகிறது. கர்ப்பப்பைக்குள் தோன்றிய புற்றுக்கு வழக்கமாக முதலில் அறுவை. பக்கத் திசுவைத் தொட்டுவிட்ட வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சும் கீமோவும். அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கத் தேதிகூடக் குறித்திருந்தார்கள். அதை ரத்து செய்துவிட்டுக் கதிர்வீச்சு தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படித் திசுவைச் சுரண்டி எடுக்கும் சோதனை நடந்தால், பழைய பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். "வாய்ப்பகுதியிலிருந்தும் தனியாக எடுத்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.