ஏர் ஆம்புலன்ஸ் உறுப்பினர் அட்டை: பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் ரப்பர், வாழை விவசாயிகள் சிலர் இப்போது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்: “டாக்டர், வருஷா வருஷம் சந்தா கட்டினால் ஆபத்துக்கு விமானம் வருமாமே, சேரலாமா?” நாகர்கோவிலில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வந்தால் எங்கே இறங்கும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். நம் நாட்டில் ஏர் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் ஓடுபாதை தேவைப்படும் சிறு விமானம்தான். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவரைக் கட்டுவிரியன் கடித்தால், விமானம் வரைக்கும் அவரைச் சாலையில்தான் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டால் திருவனந்தபுரத்திலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, அப்புறம் எதற்குப் பறப்பது? பாம்புக்கடிக்கு வேண்டியது விஷமுறிவு மருந்து. அதற்கு 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மருந்து கையிருப்பில் உள்ள பக்கத்து மருத்துவமனைக்கோ போவதுதான் வழி. கடித்த இடத்தைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். தென்னையிலிருந்து விழுந்தவரை ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்து வருகிறார்கள், அதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பயணமே கால்களை முடக்கிவிடலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, படுத்தபடியே இருக்க விடுங்கள்.

இன்னொன்று, விமானம் ஏறவும் உடம்பு தாங்க வேண்டும். மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், உடம்புக்குள் சிக்கிய காற்று விரியும். விலா எலும்பு குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், முதலில் மார்பில் குழாய் போட்டு அதை வெளியேற்றிய பிறகுதான் அனுப்புவோம். ஆகவே இது ஒரு மருத்துவமனையில் நிலைப்படுத்தியவரை இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றும் வசதி. கல்லீரல் மாற்று சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டியவருக்கு அது உண்மையிலேயே உதவும்.

அமெரிக்காவில் இந்தச் சந்தாவுக்கு அர்த்தம் இருந்தது. மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கும் பண்ணைகளுக்கு ஹெலிகாப்டரே வரும். காப்பீடு கொடுத்தது போக மிச்சப் பணத்தைச் சந்தா கட்டியவரிடம் அந்த நிறுவனம் கேட்காது. அங்கேயும் வருவது அதே நிறுவனத்தின் ஹெலிகாப்டராக இருக்க வேண்டும், எது வரும் என்பது நோயாளி கையில் இல்லை. 2022-இல் அமலான சட்டம், காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஏர் ஆம்புலன்ஸ்கள் காப்பீடு உள்ளவரிடம், காப்பீட்டில் அவர் கட்ட வேண்டிய பங்குக்கு மேல் வசூலிப்பதையே தடுத்துவிட்டது. அந்த ஊர் விளம்பரத்தைப் பார்த்து நம் ஊர் அட்டையை எடைபோடாதீர்கள்.

என் யோசனை இது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்குங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உண்டு. அதற்கு மேல் பணம் இருந்தால், தனிச் சந்தாவை விட, ஏர் ஆம்புலன்ஸ் செலவையும் சேர்த்துத் தரும் மருத்துவக் காப்பீடு நல்லது. அதிலும் உச்சவரம்பு எவ்வளவு, டாக்டர் சான்று போதுமா, நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டுமா, திரும்பி வரும் பயணம் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது ராத்திரி 2 மணிக்கு உதவாது.

வளைகுடாவில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே அவன் படுத்துவிட்டால் டாக்டர், கருவிகளோடு ஊருக்குக் கொண்டுவரப் பல லட்சம் ஆகும். கம்பெனி தரும் காப்பீட்டில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று அவன் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், அவனுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம்.